வாசலுக்கு வெளியே பொங்கிய பால்

கோவிந்தசாமிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆனி முடியப் போகிறது. ஆடி பிறந்துவிட்டால் வீடு வாங்குவது, பால் காய்ச்சுவது எல்லாம் ஆவணிக்குத் தள்ளிப் போய்விடும். அவன் குடியிருக்கும் சிராங்கூன் ரோட்டு அறையைச் சாக்குத் திரை கட்டி மூன்றாக்கி, மூன்று குடும்பங்கள் பிழைப்பு நடத்துகின்றன. அடுத்த திரைக்காரன் இருமினால் கோவிந்தசாமியின் மனைவி சிவகாமசுந்தரிக்குத் தூக்கம் போயிற்று. கூலிக்கு மாட்டுவண்டி ஓட்டி, சொந்த வண்டி வாங்கி, வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி, எருமை ரோட்டில் ஒரு சின்ன மாடிவீட்டுக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. பத்திரம் மட்டும் நடந்தபாடில்லை. மனுஷன் என்னதான் செய்வான்? உட்காருவான், எழுந்திருப்பான், மாட்டுக்குப் போட்ட வைக்கோலையே மறுபடி அள்ளிப் போடுவான்.

வீட்டை விற்கிற முத்துசாமி அவன் ஊர்க்காரர். தேனொழுகப் பேசுவார். "எங்க வக்கீலே ரெண்டு பேருக்கும் எழுதிடுவாரு தம்பி. செலவும் பாதிதான். நீ தனியா வக்கீல் வச்சா என்னை நம்பலைன்னுல்ல நாலு பேரு பேசுவாங்க" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். கோவிந்தசாமிக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் ராஃபிள்ஸ் பிளேஸில் அந்த வெள்ளைக்கார வக்கீலின் அறைக்குப் போனபோது, அவர் முத்துசாமியோடு சிரித்துச் சிரித்துப் பேசினார். இவனை உட்காரக்கூடச் சொல்லவில்லை. நமக்கும் சேர்த்து எழுதப்போகிறவன் நம் முகத்தையே பார்க்கவில்லையே என்று இவனுக்குச் சுருக்கென்றது.

வெளியே வந்ததும், "கோவிச்சுக்காதீங்க அண்ணே, நான் வேற ஆளப் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டான். முத்துசாமியின் முகம் சுண்டிப்போயிற்று.

அப்படித்தான் யாழ்ப்பாணத்து வக்கீல் தியாகராசாவிடம் வந்து சேர்ந்தான். மனிதர் கூலியைப் பற்றிப் பேசுமுன் கேள்வி கேட்டே குடைந்தெடுத்தார். பக்கத்துச் சுவர் யாருக்குச் சொந்தம், சாக்கடை எந்தப் பக்கம் போகிறது, மாடியில் யாராவது வாடகைக்கு இருக்கிறார்களா? பழைய பத்திரத்தைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"இது முத்துசாமியின்ர தகப்பன்ர பேரிலயெல்லோ கிடக்கு. அவர் செத்திட்டார். அவருக்கு எத்தினை பிள்ளையள்?"

"இவரு ஒருத்தர்தான்னு சொன்னாருங்க."

"அவர் சொன்னது காணாது. நான் விசாரிக்கவேணும். அதுவரைக்கும் வீட்டுத் திறப்பை, அதுதான் சாவியை, வாங்காதேங்கோ, உள்ளுக்குப் போய் அடுப்பு மூட்டாதேங்கோ. குடிபோயிட்டால், உரிமையில என்ன குறை கிடந்தாலும் நீங்கள் ஒத்துக்கொண்டுதான் வந்தனீங்கள் எண்டு மற்றப் பக்கம் வாதாடும். விளங்குதே?" பேனாவை எடுத்துக்கொண்டே, "பத்திரத்தில மனுசியின்ர பேரையும் போடட்டோ?" என்றார்.

கோவிந்தசாமி சிரித்துவிட்டான். "பொம்பளைக்கு எதுக்குங்க பத்திரம்? நான் வேற, அவ வேறயா?"

பிறகு தினமும் வண்டியை அவிழ்த்துப்போட்டுவிட்டு டிராம் பிடித்து வக்கீல் ஆபீசுக்கு ஓடினான். தினமும் ஒரே பதில்தான்: இன்னும் விசாரணை முடியவில்லை. எரிச்சலோடு திரும்பி வந்து மாட்டைத் திட்டினான்.

ஆனி முடிகிற சமயத்தில் முத்துசாமியே சாவியோடு வந்து நின்றார். "நாளைக்குத்தான் கடைசி முகூர்த்தம் தம்பி. காகிதம் மெதுவா வரட்டும். சாவியப் புடி, பாலைக் காய்ச்சு. உன் வீடுதானே!"

சிவகாமசுந்தரியின் முகம் மலர்ந்தது. கோவிந்தசாமியின் கையும் தன்னால் நீண்டது. நீண்ட கையை அவனே இழுத்துக்கொண்டான். "சாவி உங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணே. வக்கீல் வேணாம்னுட்டாரு." முத்துசாமி முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் அவள் பிடித்துக்கொண்டாள். "வக்கீலா வந்து நம்மகூட இந்தச் சாக்குக்குள்ள படுக்கிறாரு?"

"என்னை என்ன செய்யச் சொல்றே? உள்ள போகக் கூடாதுன்னுட்டாரே!"

"உள்ளதானே போகக் கூடாது? வாசல்ல காய்ச்சினா யாரு கேப்பா?" என்றாள்.

மறுநாள் காலை, பூட்டிய வீட்டு முன்னால் அஞ்சடி நடைபாதையில் கரியடுப்பு வைத்துப் புதுப்பானை ஏற்றினாள். போகிற வருகிற ரிக்‌ஷாக்காரர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கோவிந்தசாமிக்கு மானம் போயிற்று. அவள் எதையும் சட்டை செய்யவில்லை. பால் பொங்கி வழிந்ததும் சர்க்கரை போட்டு, முறைப்படி அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கக் கிளம்பினாள். முதல் குவளை பக்கத்து மளிகைக் கடை அஹமது கபீருக்கு.

அவர் ஊதி ஊதிக் குடித்தார். "நல்லா இருங்கம்மா. அப்போ பினாங்குலேர்ந்து வள்ளிநாயகி வந்து கையெழுத்துப் போட்டுருச்சா?"

"எந்த வள்ளிநாயகி?"

"முத்துசாமியோட தம்பி சம்சாரம். தம்பி மௌத்தானப்புறம் தன் அண்ணன் வீட்டோட போயிருச்சு, பாவம். தம்பி பங்கு அதுக்குத்தானே வரணும்?"

ஒரே பிள்ளை என்று சொன்னவருக்குத் தம்பியா! அடுப்பை அப்படியே போட்டுவிட்டு இருவரும் டிராமுக்கு ஓடினார்கள்.

இருவரும் விஷயத்தைச் சொன்னதும் தியாகராசா முதலில் கேட்டது ஒன்றுதான். "வீட்டுக்குள்ள போனனீங்களோ?"

"இல்லீங்க. அஞ்சடியிலதான்..."

வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப தப்பினீங்கள்! அது எல்லாரும் நடக்கிற வழி. அந்தப் பிள்ளை கையெழுத்து வைச்சால் வீடு. வைக்காட்டி முன்காசைத் திருப்பி வாங்குவம்."

அன்று மாலை கோவிந்தசாமி முத்துசாமியின் சட்டையைப் பிடித்துவிட்டான். "கூடவே இருந்து குழி பறிச்சிட்டீங்களே அண்ணே!"

முத்துசாமி திமிறவில்லை. பேந்தப் பேந்த விழித்தார். "ஏமாத்தணும்னு நெனைக்கல தம்பி, சத்தியமா. தம்பி போனதும் எல்லாம் எனக்குத்தான்னு இருந்துட்டேன். அவ ஒருத்தி இருக்கான்னே நெனப்பு வரல. அவ பேரு எதுலயுமே இல்லையே."

பக்கத்தில் நின்ற சிவகாமசுந்தரி, கணவன் கையை அந்தச் சட்டையிலிருந்து எடுத்துவிட்டாள்.

ஆடி முழுக்க அதே சாக்குத் திரை, அதே இருமல். பினாங்கிலிருந்து கடிதம் வந்ததா என்று கேட்டுக் கேட்டு கோவிந்தசாமி பாதி ஆளாகிவிட்டான். ஆவணி பிறந்து, வள்ளிநாயகி கப்பலேறி வந்து, தன் பங்குப் பணத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, தியாகராசாவின் மேஜையில் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். முத்துசாமி தலை குனிந்தபடி தானும் போட்டார்.

வக்கீல் பேனாவை மையில் தோய்த்தார். "வாங்கிறவரின்ர பேர் கோவிந்தசாமி. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதாங்க."

"சிவகாமசுந்தரின்னும் எழுதுங்க" என்றாள் அவள்.

கோவிந்தசாமி திடுக்கிட்டுத் திரும்பினான். "என்ன புள்ள இது, சபையில வச்சு? உன்னை நான் விட்டுடுவேனா? நான் என்ன அவ்வளவு கெட்டவனா?"

"முத்துசாமி அண்ணனும் கெட்டவரு இல்லையே" என்றாள் அவள். "மறந்துட்டாரு, அவ்வளவுதான்."

கோவிந்தசாமி வள்ளிநாயகியைப் பார்த்தான். அவள் மை உலராத தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வக்கீல் பேனாவோடு காத்திருந்தார்.

"எழுதுங்க ஐயா" என்றான் கோவிந்தசாமி. "அவ பேரை முதல்ல எழுதுங்க."