கணக்குக்குக் காட்டிய பெண்கள்

ஒன்பது மாடி அரசுக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிறவருக்குத் தெரியாத சங்கதி கிடையாது. பெரிய அதிகாரிகள் லிஃப்டுக்குள் ஏறினால் அவரை ஒரு ஸ்டூல் மாதிரி நினைத்துக்கொள்வார்கள். பெண்டாட்டியிடம் சொல்லாததை எல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று பேசுவார்கள். முப்பத்தோரு வருஷமாக இப்படிக் கேட்டுக் கேட்டு லிஃப்ட்காரர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். படிக்காதவன் பொய் சொன்னால் பொய். படித்தவன் சொன்னால் அதற்கு ரிப்போர்ட் என்று பெயர்.

அந்த வருஷம் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. நாடு முழுக்க அரசாங்க வேலையில் இருப்பவர்களில் பெண்கள் எத்தனை பேர், சின்ன வயதுக்காரர்கள் எத்தனை பேர், யார் யார் என்ன பாஷை பேசுகிறவர்கள், கைகால் முடியாதவர்களுக்கு எத்தனை இடம் கொடுத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு துறையும் எண்ணி அனுப்ப வேண்டும். நல்ல காரியம்தான். எண்ணிப் பார்த்தால்தானே யாரை உள்ளே விடவில்லை என்று தெரியும்? ஆனால் எண்ணுகிற வேலையை யாரிடம் கொடுத்தார்கள் என்றால், அவர்களை உள்ளே விடாமல் உட்கார்ந்திருந்தவர்களிடமே கொடுத்தார்கள்.

இந்தத் துறையின் இயக்குநருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் 'சதவீதம்'. சாப்பிட்டாயிற்றா என்று கேட்டால்கூட எண்பது சதவீதம் ஆயிற்று என்பார், அப்படிப்பட்ட ஆள். அவர் எண்ணிப் பார்த்தார். மொத்தம் முந்நூற்று நாற்பது பேர். அதில் பெண்கள் நாற்பத்தோரு பேர். சராசரி வயது ஐம்பத்து மூன்று. முப்பதுக்குக் கீழே மூன்றே பேர், அதில் ஒருவன் இயக்குநரின் சொந்த அண்ணன் மகன். பாஷையைக் கேட்டால் எல்லாருக்கும் ஒரே பாஷை. ஆளைப் பார்த்தால் பாதிப் பேர் ஒருவருக்கொருவர் மச்சான், சம்பந்தி. கைகால் முடியாதவர் என்று காட்ட ஒருவரும் இல்லாததால், மாடிப்படியில் வழுக்கிக் காலில் மாவுக்கட்டோடு வந்துகொண்டிருந்த டைப்பிஸ்டை அந்தக் கட்டத்தில் போட்டார்கள். கட்டுப் பிரிப்பதற்குள் ரிப்போர்ட் போய்விட வேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள்.

பெண்கள் கணக்குத்தான் இடித்தது. நாலாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவில் அதற்கு வழி கண்டுபிடித்தார்கள். கட்டடத்தைப் பெருக்கித் துடைக்கிற பெண்கள் அறுபத்து நாலு பேர் இருக்கிறார்களே, அவர்களைச் சேர்த்துக்கொண்டால் என்ன என்று கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவர் கேட்டார். சதவீதத்தின் முகத்தில் வெளிச்சம் வந்ததை லிஃப்ட்காரர் கண்ணாடியில் பார்த்தார்.

இந்தத் துப்புரவுப் பெண்களை வெகுகாலத்துக்கு முன்பே கான்ட்ராக்ட்காரனிடம் தள்ளிவிட்டிருந்தார்கள். அன்று முதல் அவர்கள் ஊழியர்கள் இல்லை. லீவு கேட்டால் "நீங்க வெளியாள்." காய்ச்சல் என்றால் "நீங்க வெளியாள்." அந்த அறுபத்து நாலு வெளியாளில் லிஃப்ட்காரரின் கொழுந்தியாளும் ஒருத்தி. புருஷன் போனபிறகு இரண்டு பெண்பிள்ளைகளை மாப்புக் கட்டையை வைத்துக்கொண்டே வளர்த்தவள். ஆறாவது மாடியும் ஏழாவது மாடியும் பதினாலு வருஷமாக அவள் பொறுப்பு. அவளுக்கு இப்போது ஐம்பத்தொன்று. இரண்டு மாதத்தில் கான்ட்ராக்ட் கைமாறப்போகிறது, வரப்போகிறவன் நாற்பத்தைந்துக்கு மேலே ஒரு ஆளையும் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டான். அவள் அக்காவிடம் வந்து இதைச் சொல்லிவிட்டு, சின்னவளுக்கு இன்னும் ஒரு வருஷம் படிப்பு பாக்கி என்றாள். எழுந்து போய்விட்டாள்.

இந்த நிலைமையில்தான் ஒரு நாள் அறுபத்து நாலு பேரையும் மீட்டிங் ஹாலுக்குக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவர்கள் தினமும் துடைக்கிற நாற்காலி, உட்கார்ந்தது அன்றைக்குத்தான். போட்டோ எடுத்தார்கள், வயது கேட்டார்கள், வீட்டில் என்ன பாஷை என்று கேட்டார்கள். அறுபத்து நாலு பேரில் நாலு பாஷை வந்தது. சதவீதத்துக்குப் புல்லரித்துப்போனது. தட்டில் வைத்த கோப்பையில் டீ கொடுத்தார்கள். குடித்து முடித்ததும் கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

கம்ப்யூட்டர் ஒரு தகராறு செய்தது. ஊழியர் எண் இல்லாமல் பெயரை ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்றது. அதற்கென்ன, செத்துப்போனவர்கள், ஓய்வு பெற்றவர்கள் விட்டுப்போன எண்கள் சும்மாதானே கிடக்கின்றன என்று அவற்றை எடுத்துப் போட்டார்கள். கொழுந்தியாளுக்குக் கிடைத்தது நெஞ்சுவலியில் போன ஒரு டிரைவரின் எண். சராசரி வயதைக் குறைக்க இன்னொரு வேலையும் நடந்தது. ஒரு வருஷத்துக்குள் ஓய்வு பெறப்போகிறவர்களை எண்ணவே இல்லை. லிஃப்ட்காரருக்கு எட்டு மாதம்தான் பாக்கி. ஆக, லிஃப்டில் நிற்கிற மனிதர் கணக்கில் இல்லை, அவரை வைத்துக்கொண்டே அதைப் பேசி முடித்தார்கள்.

ரிப்போர்ட் போனது. மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. சதவீதம் அதைச் சட்டம் போட்டு மாட்டினார். அத்தோடு விட்டிருந்தால் அவர் பாடு நிம்மதி. ஆனால் தலைமை அலுவலகத்துக் கம்ப்யூட்டருக்கு வெட்கமும் கிடையாது, நெளிவுசுளிவும் தெரியாது. பட்டியலில் யார் யார் இருந்தார்களோ அத்தனை பேருக்கும் புது அடையாள அட்டை அடித்து மூட்டையாக அனுப்பிவிட்டது. தபால் பிரிவுக்காரர் விதிப்படி, பெயர் பார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார். மத்தியானத்துக்குள் அறுபத்து நாலு பெண்கள் கழுத்திலும் அட்டை. 'நிரந்தரப் பணியாளர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்த லிஃப்ட்காரருக்கு அட்டை வரவில்லை. மறுநாள் காலை வாசல் காவலாளி அவரைப் பார்வையாளர் நோட்டில் கையெழுத்துப் போடச் சொன்னான். "யாரைப் பார்க்க வந்தீங்க" என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் அவர் "லிஃப்ட்" என்று எழுதினார்.

சதவீதம் வசமாக மாட்டிக்கொண்டார். அட்டை தப்பு என்று எழுதினால் ரிப்போர்ட் தப்பு என்று ஆகும். எழுதாவிட்டால் அறுபத்து நாலு பேர் நிரந்தரம் என்று ஆகும். ஏழாவது மாடி தாண்டும்போது யோசனை பிறந்தது. அவர்களே ராஜினாமா செய்துவிட்டால்? ஊழியராக இருந்தார்கள், தாங்களாகவே போய்விட்டார்கள். ரிப்போர்ட்டும் நிஜம், ஆளும் காலி. "நூறு சதவீதம் சுத்தமான வழி" என்று சொல்லிக்கொண்டார். சுத்தம் என்ற சொல்லை அவர் வாயில் கேட்டதும் லிஃப்ட்காரர் ஒன்பதாவது மாடியில் கதவைத் திறந்துவிட்டார்.

சதவீதம் சொல்லி அனுப்பிய கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் வந்து, அட்டையைக் கொடுத்துவிட்டு ராஜினாமாத் தாளில் கையெழுத்துப் போடுகிறவர்களை வயது பார்க்காமல் புதுக் கான்ட்ராக்டில் எடுத்துக்கொள்வோம் என்று பெண்களிடம் சொன்னார். இரண்டு நாள் அவகாசம்.

அன்று சாயங்காலம் கொழுந்தியாள் அக்கா வீட்டுக்கு வந்தாள். லிஃப்ட்காரர் தனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னார். சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார். இந்தக் கூட்டத்தை முப்பத்தோரு வருஷமாகப் பார்க்கிறவர் அவர். எதிர்த்தவன் எவனும் அந்தக் கட்டடத்தில் நிலைத்ததில்லை. தன் வாயால் இன்னும் நாலைந்து பெண்களுக்கும் இதையே சொல்லியிருந்தார்.

"அவங்க அடிச்ச அட்டையை அவங்களே பிடுங்கிடுவாங்கம்மா. கழுத்தோட சேர்த்துப் பிடுங்கறதுக்குள்ள நீயே கழட்டிக் குடுத்துடு."

அவள் கையிலிருந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பதினாலு வருஷமா நீ இங்க இல்லை, இல்லைன்னு சொன்னாங்க மாமா. இப்பதான் மொத தடவையா இருக்கேன்னு எழுதியிருக்காங்க. நான் போய் இல்லைன்னு எழுதிக் குடுக்கணுமா?"

"திருட்டுத்தனமா எழுதினது அது."

"திருடினது நான் இல்லையே."

அக்காக்காரி குறுக்கே வந்து, இவருக்கு லிஃப்ட் மேலே போவதும் கீழே வருவதும்தான் தெரியும், நீ உன் மனசுக்குப் பட்டதைச் செய் என்றாள். லிஃப்ட்காரர் எழுந்து போய்ப் பல் விளக்கினார். சாயங்காலம் பல் விளக்குகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

அறுபத்து மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். மாதம் முடிந்தது. புதுக் கான்ட்ராக்ட்காரன் புது ஆட்களோடு வந்தான். வயது பார்க்காமல் எடுப்போம் என்று சொன்ன சூப்பர்வைசரின் செல்போன் எந்நேரமும் அணைந்தே கிடந்தது. கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் வேறு வேலை தேடிப் போனார்கள். மிச்சப் பேர் எதிர்ப்பக்கத்து நடைபாதையில், பஸ் நிற்கிற இடத்தில், யாராவது வந்து பதில் சொல்வார்கள் என்று காலையில் வந்து நின்று சாயங்காலம் திரும்பிப் போனார்கள். லிஃப்ட்காரர் உள்ளே நுழையும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் நுழையக் கற்றுக்கொண்டார்.

கொழுந்தியாள் அட்டையைக் காட்டி உள்ளே போனாள், வழக்கம்போல ஆறாவது மாடியைத் துடைத்தாள். சதவீதம் அவளைக் கூப்பிட்டு அதட்டினார். நயமாகப் பேசினார். மறுபடி அதட்டினார். அவள் ஒன்றே ஒன்று கேட்டாளாம்: "நான் இங்க ஊழியர் இல்லைன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க சார், போயிடறேன்." அவர் பேனாவை எடுத்தார், மூடியைத் திறந்தார், மூடினார். நேரம் வரும், பார்த்துக்கொள்கிறேன் என்று அனுப்பிவிட்டார்.

நேரம் வந்தது, ஆனால் அவர் நினைத்த மாதிரி வரவில்லை. தலைமை அலுவலகத்துக் கம்ப்யூட்டர் மறுபடி வாயைத் திறந்தது. ஒரே வாரத்தில் ஒரே துறையிலிருந்து அறுபத்து மூன்று பெண்கள் ராஜினாமா. நாட்டில் எங்கேயும் இப்படி நடந்ததில்லை. பெண்கள் ஏன் ஓடுகிறார்கள் என்று ஆராய மூன்று பேர் கொண்ட குழு கிளம்பி வந்துவிட்டது. தலைவி வெள்ளை முடிக்காரி, கறார்ப் பேர்வழி. இருக்கிற நாற்பத்தோரு பெண்களில் பத்துப் பேரை சதவீதம் பாடம் பண்ணி அனுப்பியிருந்தார். பத்துப் பேரும் ஒரே வரியை ஒப்பித்தார்கள். வெள்ளை முடிக்காரி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, துப்புரவுப் பிரிவில் போகாமல் இருக்கிறவர் ஒருவர் பட்டியலில் தெரிகிறாரே, அவரை வரச் சொல்லுங்கள் என்றாள்.

சதவீதம் லிஃப்டுக்கு ஓடிவந்தார். முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு இயக்குநர் லிஃப்ட்காரரின் முகத்தைப் பார்த்துப் பேசினார். எல்லாரும் குடும்பச் சூழ்நிலையால் போனார்கள் என்று உங்கள் கொழுந்தியாள் சொல்லட்டும், அவள் வேலைக்கு நான் பொறுப்பு. வேறு ஏதாவது சொன்னால் அவள் வேலை இன்றோடு சரி. இதுதான் சேதி.

லிஃப்ட்காரர் ஆறாவது மாடிக்குப் போய், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அதை அவளிடம் சொன்னார். அவள் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, நீங்க என்ன சொல்றீங்க மாமா என்று கேட்டாள்.

"என்னைக் கேக்காதம்மா. என் பேச்சைக் கேட்டவங்க எல்லாம் வெளிய நிக்கறாங்க."

குழு இருந்த அறைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு அவர் கதவோரம் நின்றுகொண்டார். சதவீதம் ஜன்னல் பக்கம் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். உங்களோடு இருந்த பெண்கள் ஏன் வேலையை விட்டுப் போனார்கள் என்று வெள்ளை முடிக்காரி கேட்டாள். கொழுந்தியாளின் கை முந்தானை நுனியை முறுக்கியது. சின்னவளின் படிப்பைத்தான் நினைக்கிறாள் என்று லிஃப்ட்காரருக்குத் தோன்றியது.

"நான் எதுக்கும்மா அவங்களுக்காகச் சொல்லணும்? இருபது பேருக்கு மேல எதிர்த்தாப்புல பஸ் ஸ்டாப்புலதான் நிக்கறாங்க. கூப்பிட்டா அவங்களே வந்து சொல்லிட்டுப் போறாங்க."

வெள்ளை முடிக்காரி லிஃப்ட்காரரைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர் வெளியே வந்தார். சதவீதமும் பின்னாலேயே வந்து லிஃப்ட் கதவில் கை வைத்து, ரிப்பேர் என்று சொல்லிவிடும்படி கெஞ்சினார்.

"நான் உங்க கணக்குலயே இல்லாத ஆள் சார்" என்றார் லிஃப்ட்காரர். "இல்லாதவன்கிட்ட எதுக்குச் சொல்லிட்டிருக்கீங்க?" கையை எடுக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

இருபத்திரண்டு பெண்களை மூன்று தடவையாக மேலே கொண்டுவந்தார். அவர்கள் ஒரு மணி நேரம் பேசினார்கள். அட்டை, நாற்காலி, டீக் கோப்பை, தாள், சூப்பர்வைசர் எதையும் விடவில்லை. குழுவில் ஒருவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்துக் குழுவின் அறிக்கை வந்தது. வழவழவென்று எழுபது பக்கம். பெண்கள் பெருமளவில் விலகக் காரணம், தனி ஓய்வறை இல்லாதது. இவ்வளவுதான் மிஞ்சியது. இயக்குநரைப் பற்றி ஒரு வரி இல்லை, செத்தவர்களின் எண்ணைப் பற்றி ஒரு வரி இல்லை. அதையெல்லாம் எழுதினால் முதல் ரிப்போர்ட்டைப் பாராட்டிய பெரிய மனிதர்கள் தலைகுனிய வேண்டும், அதனால் எழுதவில்லை. ஐந்தாவது மாடியில் ஓய்வறை கட்டினார்கள். ஆளுயரக் கண்ணாடி ஒன்று மாட்டினார்கள். அறுபத்து மூன்று பேரில் ஒருத்தியைக்கூடத் திரும்பக் கூப்பிடவில்லை.

இப்படித்தான் முடியும் என்று லிஃப்ட்காரருக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் மூன்று தடவை லிஃப்டை ஓட்டினாரே, அதை நினைத்து அவர் வருத்தப்படவில்லை.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒன்று இருந்தது. எஞ்சியிருக்கிற ஒரே பெண் துப்புரவுப் பணியாளரை எக்காரணம் கொண்டும் துறை இழந்துவிடக் கூடாது, அவர் நிலை குறித்து இயக்குநர் மாதாமாதம் தகவல் அனுப்ப வேண்டும். வெள்ளை முடிக்காரியால் முடிந்தது அவ்வளவு போலிருக்கிறது. ஆக கொழுந்தியாளின் வேலைக்கு இனி ஆபத்தில்லை. அவள் ஒரு நாள் வராவிட்டால் சதவீதத்துக்குத்தான் காய்ச்சல் வரும்.

போன வாரம் அக்கா வீட்டில் உட்கார்ந்து அவள் சலித்துக்கொண்டாள்.

"அந்த ஆளு தொல்லை தாங்கல மாமா. தெனமும் ஆறாவது மாடிக்கு வந்து, உடம்பு எப்படிம்மா இருக்குன்னு கேக்கறாரு. துடைச்ச தரை மேல நின்னுக்கிட்டே கேக்கறாரு. அவர் போனப்புறம் முழுசா இன்னொரு தடவை துடைக்க வேண்டியிருக்கு."