புருவம் தெரிய ஒரு படம்

பல்கலைக்கழகத்தில் சேர்ந்து மூன்று வாரம் ஆகியும் சின்னவள் யாரிடமும் முழுதாக நாலு வார்த்தை பேசியிருக்கவில்லை. வீட்டில் அப்படி இல்லை. "கொஞ்சம் மூச்சு விட்டுட்டுப் பேசுடி" என்று அவள் அக்கா கையெடுத்துக் கும்பிடுவாள். விடுதிக்கு வந்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வகுப்பில் இருநூறு பேர். சாப்பாட்டுக் கூடத்தில் தட்டை ஏந்தியபடி எங்கே உட்காருவது என்று யோசித்து முடிப்பதற்குள் சாப்பாடு ஆறிவிடும். அறைத்தோழியிடம்கூட "ம்", "சரி", "ஜன்னலைச் சாத்தவா", அவ்வளவுதான். அந்தத் தோழி வாசலில் குனிந்து நுழையும் உயரம். மாடி முழுக்க அவளுக்கு நெட்டை என்று பெயர்.

ஒரு சனிக்கிழமை காலை நெட்டை கண்ணாடி முன் நின்று, கண்ணில் விழும் முன்முடியை ஊதி ஊதித் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"திங்கக்கிழமை அடையாள அட்டைக்குப் போட்டோ எடுக்கறாங்க. இந்தத் தலையோட எப்படிப் போறது?"

சின்னவள் வழக்கம்போல் "ம்" என்றிருக்கலாம். ஆனால் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"எங்கம்மா பியூட்டி பார்லர் வச்சிருக்காங்க."

"அப்ப உனக்கு வெட்டத் தெரியுமா?"

"ஓரளவு."

அம்மாவின் கடையில் அவள் பார்த்த வேலை, கீழே விழுந்த முடியைப் பெருக்கி அள்ளுவது மட்டும்தான். ஆனால் ஒருத்தி தன்னிடம் கேள்வி கேட்டு, பதிலுக்குக் காத்திருந்து, கேட்டதும் முகம் மலர்வதைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. தெரியாது என்று சொல்ல மனசு வரவில்லை.

நாற்காலி போட்டார்கள். கழுத்தில் துண்டைச் சுற்றினார்கள். கத்தரிக்கோல் நெட்டையின் பென்சில் பெட்டியிலிருந்து வந்தது. அட்டை வெட்டுவதற்கென்று வாங்கியது. முதல் வெட்டில் இடப்பக்கம் கொஞ்சம் ஏறிவிட்டது. அதைச் சரிக்கட்ட வலப்பக்கம் வெட்டினாள். அது இன்னும் ஏறியது. மறுபடி இடப்பக்கம், மறுபடி வலப்பக்கம். கடைசியில் இரண்டு விரற்கடை முடி மட்டும் பல் துலக்கும் பிரஷ்ஷைப் போல விறைத்துக்கொண்டு நின்றது.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. இனி வெட்ட ஒண்ணும் இல்ல."

நெட்டை வெகுநேரம் கண்ணாடியைப் பார்த்தாள். கம்பளித் தொப்பி ஒன்றை எடுத்துப் புருவம் வரை இழுத்து மாட்டிக்கொண்டு, கொளுத்தும் வெயிலில் நூலகத்துக்குப் போய்விட்டாள்.

சின்னவள் மாடிப்படியில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"எவ்வளவு மிச்சம் இருக்கு?" என்றாள் அம்மா.

"ரெண்டு விரல்."

"விரலை நிறுத்தி வச்சா, படுக்க வச்சா?"

"படுக்க வச்சு."

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என் கடை பேரைச் சொல்லிட்டியா?"

"இல்லம்மா."

"சொல்லிடாத. போய் அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேளு."

கேட்டாள். தனக்குப் பெருக்க மட்டும்தான் தெரியும் என்பதையும் சேர்த்தே சொன்னாள்.

"அதை வெட்டறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் நெட்டை, தொப்பியைக் கழற்றாமலே.

"நீ பேசிட்டிருந்தே. அதைக் கெடுக்க மனசு வரல."

"நான் என்னிக்குப் பேசல? நீதான் எதுக்கெடுத்தாலும் ம், ம்னு. என்னைப் பிடிக்கலைபோலன்னு, வேற அறை கேட்டு விண்ணப்பமே எழுதி வச்சிருக்கேன்."

இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் பயந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை படம் எடுத்தவர், கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிய ஓர் அலுவலர். இரண்டு புருவமும் முழுசாகத் தெரிய வேண்டும், கிளிப் கூடாது என்பது விதி. முன்முடி வைத்தவர்கள் அதை ஒதுக்கி ஒதுக்கி விட்டார்கள். சரியாகப் படம் எடுக்கும் நேரத்தில் அது சரிந்து விழுந்தது. "சரி பண்ணிட்டு நாலு மணிக்குள்ள வாங்க" என்று ஒவ்வொருத்தியாகத் திருப்பி அனுப்பினார். சின்னவளுக்கும் முன்முடி உண்டு, அவளும் திரும்பினாள். நெட்டை வேறு வழியில்லாமல் தொப்பியைக் கழற்றினாள். அலுவலர் நிமிர்ந்து பார்த்தார்.

"இப்படித்தான் வரணும். எல்லாரும் இந்தப் பொண்ணைப் பாருங்க."

எல்லாரும் பார்த்தார்கள். நெட்டைக்கு முதன்முறையாகக் குட்டையாகப் பிறந்திருக்கலாம் என்று தோன்றியது.

மத்தியானம் அறை வாசலில், திருப்பி அனுப்பப்பட்டவர்களில் ஆறு பேர் நின்றார்கள். "யார் வெட்டினது?" என்றாள் முன்னால் நின்ற வேதியியல்காரி.

சின்னவள் கையைத் தூக்கினாள். "நான்தான். ஆனா எனக்கு வெட்டத் தெரியாது."

"அது அவளைப் பார்த்தாலே தெரியுது. அதே மாதிரி வெட்டு, போதும்."

வெட்டிக்கொண்டே சின்னவள் பேச ஆரம்பித்தாள். கடைக்கு வரும் வாடிக்கையாளர்கள், சாயம் போட்டுக்கொண்டே தூங்கிப்போன மணப்பெண், அம்மாவின் கோபம் என்று கதை நீண்டது. மூன்றாவது தலைக்கு வருவதற்குள் அறையே சிரித்துக்கொண்டிருந்தது. "சிரிக்காதீங்க, காது போயிடும்" என்று அவளே அதட்டினாள். கடைசியில் நெட்டை கத்தரிக்கோலைப் பிடுங்கி, "நீ உட்காரு. இதுதான் நியாயம்" என்றாள். நாலு மணிக்குள் எல்லாரும் ஒரே மாதிரி நெற்றியோடு போய்ப் படம் எடுத்துக்கொண்டார்கள். விண்ணப்பத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சே எழவில்லை.

அட்டைகள் அடுத்த வாரம் வந்தன. சின்னவளின் அட்டையில் வேதியியல்காரியின் படம் இருந்தது. அவளுடையதில் சின்னவளின் படம். திருத்த வேண்டுமானால் மூன்று படிவம், இரண்டு கையெழுத்து என்றார்கள். நூலக வாசலில் இருந்தவர் படத்தைப் பார்த்தார், சின்னவளின் நெற்றியைப் பார்த்தார், "போம்மா" என்றார். அந்த வருஷம் முழுக்க அவள் அந்த அட்டையோடுதான் போய்வந்தாள்.