ஒருவர் காதுக்கு மட்டும்

மூன்றாவது முறையும் ஹெட்போனில் இரைச்சல்தான். நெல்லையப்பன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போர்டைப் பார்த்தார். கெபாசிட்டர் ஒன்று தலைகீழாக நின்றது. திருப்பிப் பற்றவைத்ததும் மைக்கில் பேசிய தன் குரல் தெளிவாகக் கேட்டது. சால்டரிங் அயர்னை அணைத்தார், பிளக்கையும் பிடுங்கினார். இருபத்தாறு வருஷப் பழக்கம்.

"கடையில ஹியரிங் எய்ட் கிட்டுமே அப்பா. எதுக்கு இந்தப் பாடு?" என்றாள் மகள் ஸ்மிதா.

"வாங்கிக் கொடுத்தேன். விசிலடிக்குதுன்னு கழட்டி எறிஞ்சுட்டாரு."

அண்ணன் குற்றாலலிங்கத்தின் உயிருக்கு டாக்டர் சொன்ன கெடு ஒரு வாரம். நான்கு நாள் போய்விட்டது. காதோடு வாய் வைத்துக் கத்தினால் பாதி கேட்கும். ஆனால் சொல்லவேண்டியது நாற்பது பேர் படுத்திருக்கும் வார்டில் கத்துகிற விஷயமில்லை.

இருபத்தாறு வருஷத்துக்கு முன் சாலை பஜாரில் அப்பாவின் கடை எரிந்தது அண்ணனின் பீடியால் அல்ல. ரேடியோ ரிப்பேர் பார்த்துவிட்டு நெல்லையப்பன் அணைக்க மறந்த அயர்னால். 'பீடியப் போட்டது அண்ணன்தான்' என்று கூட்டத்தின் நடுவே கத்தியவரும் அவரே. அப்பா மூத்த மகனை விரட்டினார். சாகும்வரை முகத்தில் விழிக்கவில்லை. மூத்தவன் வைக்கவேண்டிய கொள்ளியை நெல்லையப்பன் வைத்தார்.

மறுநாள் நாலு மணி, பார்வையாளர் நேரம். சோப்பு டப்பாவுக்குள் மைக், சர்க்யூட், ஒன்பது வோல்ட் பேட்டரி. அண்ணன் காதில் ஹெட்போனை மாட்டி, குமிழை மெல்லத் திருகினார்.

"கேக்குதாண்ணே?"

"உன் மூச்சுகூட கேக்குதுலே."

டப்பாவை உதட்டோடு ஒட்டிவைத்து எல்லாவற்றையும் கிசுகிசுத்தார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு ஹெட்போனைக் கழற்றி, தம்பியின் மடியில் போட்டார்.

"அன்னைக்கு எம்பேர எப்படிச் சொன்னே? சாலை முச்சூடும் கேட்டுதுல்லா. இத மட்டும் டப்பாக்குள்ள சொல்லுதியோ?" காது கேளாதவரின் குரல் வார்டைத் தூக்கியது. "எந்திச்சு நின்னு சத்தமா பறலே, எல்லாருக்கும் கேக்கச் சொல்லு."

"எந்தா சேட்டா, அடியா?" என்று, ஏதோ சண்டையென நினைத்துப் பக்கத்துக் கட்டில் பிஜு தலை தூக்கினான். கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த ஸ்மிதாவும் நிமிர்ந்தாள். பெரியப்பாவின் பீடிக் கதையைக் கேட்டே வளர்ந்தவள்.

நெல்லையப்பன் எழுந்தார். டப்பாவையும் ஹெட்போனையும் கட்டிலில் வைத்தார்.

"கடை எரிஞ்சது என்னாலதான். அண்ணன் ஒண்ணும் செய்யலை. நான் பொய் சொன்னேன்."

அண்ணனுக்கு அதில் ஒரு சொல்லும் கேட்டிருக்காது. அவர் தம்பியைப் பார்க்கவுமில்லை. ஸ்மிதாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அப்பாவை விட்டு விலகி, கட்டிலின் மறுபக்கம் வந்து பெரியப்பாவின் கையைப் பிடித்தாள்.

"போதும்லே," என்றார் அண்ணன். "நீ போ. பிள்ளை நிக்கட்டும்."