ஒரு கை தூரம்

மூன்றாம் மதகுக்கு முன்னால் ஆமை மறுபடியும் நின்றுவிட்டது.

கேபிளில் கட்டி அணைக்குள் இறக்கிய சிறிய நீர்மூழ்கி வண்டிக்கு அவர்கள் வைத்த பெயர் அது. கலங்கல் தண்ணீரில் கேமரா குருடு. முன்னும் பின்னும் ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்ப ஆகும் நேரத்தை வைத்துத்தான் ஆமை வழி பார்க்கும். எதிரே ஏதாவது ஒரு கை தூரத்துக்குள் வந்தால் நின்றுவிட வேண்டும் என்று, கரையில் திரைமுன் உட்கார்ந்து அதை ஓட்டிக்கொண்டிருந்த அவள்தான் கட்டளை எழுதியிருந்தாள்.

அந்தக் கை அவள் அண்ணனுடையது. முக்குளிப்பவன். இருட்டுத் தண்ணீரில் ஒரு கையை நீட்டியபடிதான் போவான். தோளிலிருந்து விரல்நுனிவரை அவள் டேப் பிடித்தபோது, "என்னடி, சட்டை தைக்கப் போறியா?" என்று சிரித்தான். ஆமை சோதனைத் தொட்டியை விட்டு வெளியே வருவதற்குள், இதே மூன்றாம் மதகில் அவன் போய்ச் சேர்ந்தான். உடலை அன்றே எடுத்துவிட்டார்கள். கீழே மிச்சம் எதுவும் இல்லை.

"சண்டை போட்ட பொண்டாட்டி மாதிரி தள்ளியே நிக்குதே தங்கச்சி," என்றார் கேபிளைப் பிடித்திருந்தவர். அண்ணனோடு ஜோடியாக முக்குளித்தவர்.

அவள் சிரிக்கவில்லை. மதகின் கம்பி வலை இன்னும் தூரத்தில் இருந்தது. நடுவே வெறும் தண்ணீர்தான் இருக்க வேண்டும். வண்டியைப் பக்கவாட்டில் நகர்த்தினாள். எதிரே இருந்ததும் நகர்ந்தது.

"ஏதாவது கட்டையா இருக்கும்."

"கட்டை கூடவே நகருமாண்ணே?"

அவர் கேபிளில் படிந்த சேற்றைக் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அதை விட்டுட்டு வண்டியை முன்னால விடு. இன்னிக்கு வலையைப் பாக்கலன்னா நாளைக்கு என்னை இறங்கச் சொல்லிட்டாரு இன்ஜினியர்."

"நீங்க இறங்க வேணாம்."

"ஏன், உங்கண்ணன் மாதிரி..." பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கரைக்கல்லில் தண்ணீர் மோதிக்கொண்டிருந்தது. பிறகு அவள், தடை கண்டால் நிற்கும் கட்டளையை நீக்கினாள்.

"வழி விடுண்ணா," என்றாள், உதட்டுக்குள்.

ஆமை நகர்ந்தது. திரையில் தூரம் குறைந்துகொண்டே வந்து, சட்டென்று வெறுமையானது. மோதிய அதிர்வே இல்லை. ஆமை வலையை அடைந்து கம்பி கம்பியாகத் தடவிப் போயிற்று. அடிப்பக்கத்தில் ஓரிடத்தில் எதிரொலியே திரும்பவில்லை. கம்பிகள் பெயர்ந்து போன ஓட்டை. மறுகணம் தண்ணீர் இழுத்த இழுப்பில் வண்டி அதை நோக்கிச் சரிந்தது.

"இழுங்கண்ணே!"

அவர் காலை உதைத்துக்கொண்டு இழுத்தார். ஆமை மீண்டது. அவர் நெற்றி வேர்த்திருந்தது. நாளைக்கு அவர் இறங்கப்போவதில்லை. இருவருக்கும் அது தெரிந்தது.

திரும்பும் வழியில் முன்னால் ஒன்றும் இல்லை. திரையில் பின்பக்கத் தூரத்தைக் காட்டும் எண் மட்டும் அசையவில்லை. ஒரு கை தூரம். ஆமை திரும்பியபோது பின்னால் இருந்ததும் திரும்பியது.

"கேபிளை இழுக்கட்டுமா? சீக்கிரம் வந்துடும்."

"வேணாண்ணே." அவள் வேகத்தைக் குறைத்தாள். "மெதுவா வரட்டும்."