செல்வாம்பாளின் மாமரத்து வண்டு

1
இரண்டாயிரத்து ஆறில், மழை விட்ட ஒரு காலையில், லாஸ்பேட்டையில் நான் முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒரு வண்டு உட்கார்ந்திருந்தது. விரல் நீளம், கழுத்தில் இரண்டு சிவப்புப் புள்ளி, கொம்புகள் என் மீசையைவிட நீளம். இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. பிடித்தேன். துருப்பிடித்த கீல் போலக் கிறீச்சிட்டது. (அந்தச் சத்தத்தில் ஒரு விமானம் இறங்காமல் திரும்பிப் போனது. நம்பாதவர்கள் அடுத்த பகுதிக்குப் போகலாம். நம்பியவர்களும்.)

2
முதல் தொடக்கம்: "கதிர்காமத்தில் ஒரு மாமரம் அழுதுகொண்டிரு..."

வேண்டாம். மரம் அழவில்லை, தூள் உதிர்த்தது. உள்ளே இந்த வண்டின் புழுக்கள் தின்றுகொண்டிருந்தன. மரம் ஒருநாள் தன் வீட்டின்மேல் சாயும் என்று நாராயணசாமி வெட்ட ஆளுக்குச் சொல்லிவிட்டார். அவர் மனைவி செல்வாம்பாளுக்கு மரம் வேண்டும். ஏன்? அவள் அம்மா நட்டது என்று எழுதினேன்.

"பொய்யி. கொட்டைய துப்புனதே நான்தான்" என்றாள் செல்வாம்பாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.

3
"ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். ஒரு வண்டு கண்ணுல பட்டாலும் மரம் காலி" என்றார் நாராயணசாமி.

"படாது, போய்யா."

அவள் ஓட்டைகளில் கம்பி விட்டுப் புழுக்களைக் குத்தி இழுத்தாள். பெட்ரோலில் நனைத்த பஞ்சை அடைத்துக் களிமண் பூசினாள். பெட்ரோல், புருஷனின் ஸ்கூட்டரில் எடுத்தது. (சேதராப்பட்டுக் கம்பெனிக்கு அவர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போன காட்சி நன்றாகவே வந்தது. இடமில்லை.)

4
ஞாயிறு. தூள் இல்லை. நாராயணசாமி மரத்தடியில் நின்று செல்போனை எடுத்தார்.

"செரி, நீதான் ஜெயிச்ச. வெட்ட வரவேணாம்னு சொல்லிட்றேன்."

அவளுக்கு எட்டாத உயரத்தில் ஓர் ஓட்டை இருந்தது. நானும் கவனிக்கவில்லை. இப்போது அவர் முதுகுச் சட்டையில் ஒரு வண்டு. எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். வைத்தது நான்தான், எடுக்கத்தான் தெரியவில்லை. அது தோளுக்கு மேலே கொம்பை நீட்டியது. செல்வாம்பாள் பார்த்துவிட்டாள்.

"என்னாடி அப்டி பாக்குற?"

"ஒன்னுமில்ல... சட்ட நல்லாருக்கு."

"கல்யாணமானதுலேருந்து இன்னிக்கிதான் தெரிஞ்சிதா?"

5
முடிவு அ: அவள் பாய்ந்து அதைத் தட்டி... முடியாது. திரும்பிப் பார்த்துவிடுவார்.

முடிவு ஆ: வண்டு தானாகப் பறந்து... எழுதினேன். வண்டு ஒத்துழைக்கவில்லை.

போனில் மணி போகிறது. எதிர்முனையில் இன்னும் எடுக்கவில்லை. வாசகரே, அவருக்குப் பின்னால் நிற்பது நீங்கள் மட்டும்தான். கையை நீட்டுங்கள், மெதுவாக. பிடித்தால் அது என்ன செய்யும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.