பகல் தூக்கமும் ஃபேன் சத்தமும்

நைட் ஷிப்ட் வாரம் வந்துவிட்டால் அந்தக் குவார்ட்டர்ஸில் குக்கருக்குக்கூட விசிலடிக்க உரிமை கிடையாது. அறிவுச்செல்வன் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஆப்பரேட்டர். விடிந்து வீடு வந்து, நாலு இட்லியைப் போட்டுக்கொண்டு படுத்தானென்றால் சாயங்காலம்வரை அவன் தூக்கம்தான் வீட்டின் சட்டம். மனைவி மணிமொழி காலிங் பெல்லின் ஒயரைப் பிடுங்கி வைப்பாள். காய்கறிக்காரர்கூட கை சாடையில்தான் விலை சொல்வார். பிளாக் முழுக்க இப்படித்தான் என்பதால் யாரும் இதை அதிசயமாக நினைப்பதில்லை.

இன்று அவளுக்கு அந்தச் சட்டத்தைவிடப் பெரிய கவலை இருந்தது. பள்ளிப் பாட வீடியோ தயாரிக்கும் சென்னை நிறுவனம் ஒன்று, வீட்டிலிருந்தே செய்யும் அனிமேஷன் வேலைக்கு அவளிடம் மாதிரி கேட்டிருந்தது. வரைந்ததெல்லாம் பிரமாதமாக வந்திருந்தது. ஆனால் பிறந்தநாள் போஸ்டர் மாதிரி சின்ன வேலைகளுக்கெல்லாம் தாங்கிய அவளுடைய கம்ப்யூட்டர் மிஷின், படங்களைக் கோத்து வீடியோவாக்கும் ரெண்டரைத் தொடங்கினால் மட்டும் பாதியில் பட்டென்று அணைந்துவிடும். இரண்டு தடவை தவணை கேட்டாகிவிட்டது. "இன்னிக்கு ஈவினிங்குள்ள வரலைன்னா வேற ஆளைப் பாத்துக்கறோம் மேடம்" என்று அந்த ஆபீஸ் பெண் காலையில் போனில் சொல்லிவிட்டாள். அதையும் இனிமையாகத்தான் சொன்னாள்.

மெக்கானிக்கைக் கூப்பிடச் சொன்னார்கள் பக்கத்து வீட்டில். மணிமொழி கூப்பிடவில்லை. தன் மிஷினைத் தனக்குத் தெரியாதா என்கிற திமிர் அவளுக்கு உண்டு, நல்ல திமிர்தான். சூடுதான் காரணம் என்பது திரையிலேயே தெரிந்தது. ரெண்டர் தொடங்கியதும் பிராசஸரின் வெப்பம் நூறு டிகிரியை நோக்கிக் கிடுகிடுவென ஏறும், அடுத்த நிமிஷம் எல்லாம் இருட்டு. சிபியூவின் பக்கத் தகட்டைக் கழற்றினாள். பிராசஸர் மேலிருந்த கூலரின் இடுக்குகளில் நிலக்கரித் தூசி பழுப்பாக அப்பியிருந்தது. பிரஷ் போட்டுத் துடைத்தாள். பிராசஸரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும், காய்ந்து பொருக்காகியிருந்த பழைய பேஸ்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிது தடவினாள். திருப்புளி கீழே விழுந்துவிடாமல், சத்தமே எழாமல் எல்லாவற்றையும் பூட்டி மறுபடி ஓடவிட்டாள். மறுபடியும் இருட்டு.

அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. அடுத்த தடவை திரையை விட்டுவிட்டு கூலரின் ஃபேனைப் பார்த்தாள். சூடு ஏற ஏற அது வேகமெடுக்க வேண்டும். இதுவோ மத்தியானச் சாப்பாடு முடித்த ஆபீசர் மாதிரி சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் ஃபேன் கெடவில்லை, யாரோ அதன் கையைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள்.

மிஷினை மறுபடி போட்டு, விண்டோஸ் வருவதற்கு முன்பே, மிஷினின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் நுழைந்தாள். ஃபேன் கன்ட்ரோலில் 'சைலன்ட்' என்றிருந்தது. எவ்வளவு சூடானாலும் முப்பது சதவீத வேகத்தைத் தாண்டக் கூடாதென்று வரம்பும் கட்டியிருந்தது. இதை அவள் வைக்கவில்லை. பொங்கல் லீவில் ஆன்டிவைரஸ் போட்டுத் தருகிறேன் என்று வந்து உட்கார்ந்துவிட்டுப் போன ஜெயகணேஷைத் தவிர வேறு யாரும் இந்த மிஷினைத் தொட்டதில்லை. ஜெயகணேஷ் அவள் கணவனின் ஷிப்ட் கூட்டாளி. யார் சொல்லிச் செய்திருப்பான் என்பது அவளுக்கு உடனே விளங்கிவிட்டது.

வரம்பை எடுத்துவிட்டு 'ஃபுல் ஸ்பீடு' வைத்தாள். வீடே அதிரும்படி இரைந்தது ஃபேன். அவள் ரெண்டரைத் தட்டிவிட்டதும் படுக்கையறைக் கதவு திறந்தது.

"என்னா சத்தம் இது? மனுசன் தூங்கிகினு இருக்கேன்ல?"

"ஜெயகணேஷ் அண்ணன்கிட்ட ஃபேனைக் கொறைக்கச் சொன்னது நீங்கதானே?"

அறிவுச்செல்வனுக்குப் பொய் சொல்ல வராது. "ஆமா. சும்மா ஏறி ஏறி எறங்கிச்சு, தூக்கம் கலைஞ்சிது. ராத்திரி பெல்ட்டுகிட்ட நிக்கறப்ப கண்ணு சொருவுனா என்னா ஆவும்னு தெரியும்ல உனக்கு?"

"தெரியும். அதுக்குத்தான் பெல்லைக்கூட புடுங்கி வெச்சிருக்கேன். உங்க கன்வேயர் மோட்டார்ல கூலிங் ஃபேனை எவனாச்சும் கொறைச்சு வெச்சா என்னாங்க ஆவும்?"

"சூடேறி டிரிப் ஆயி நின்னுடும்" என்றான் யோசிக்காமல். சொன்ன பிறகுதான் உறைத்தது. சிபியூவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

"அதான் ஆச்சு. தூசின்னு நெனச்சேன், கரண்டுன்னு நெனச்சேன், எனக்கே வேலை தெரியலையோன்னுகூட நெனச்சேன்." ஃபேனைக் காட்டினாள். "இன்னிக்கு இது இரைஞ்சுகினேதான் இருக்கும். கொறைக்க மாட்டேன்."

அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த வீட்டில் அந்த வார்த்தை அதிகம் புழங்குவதில்லை. "ஏறி எறங்காம ஒரே சீரா ஓடுமா?" என்று மட்டும் கேட்டான்.

"ஒரே சீராத்தான் வெச்சிருக்கேன்."

"அப்ப ஓடட்டும்."

போய்ப் படுத்தான். கதவைச் சாத்தவில்லை.

வெப்பம் எழுபதைத் தொட்டு அங்கேயே அடங்கி நின்றது. கொஞ்ச நேரத்தில், அத்தனை இரைச்சலையும் மீறி உள்ளேயிருந்து குறட்டை கேட்டது. மணிமொழி திரையை விட்டு அசையவில்லை. வெயில் தாழ்கிற நேரத்தில் வீடியோ முழுசாக வந்தது. ஓட்டிப் பார்த்தாள், அனுப்பினாள், சென்னையிலிருந்து 'வந்து சேர்ந்தது' என்று பதில் வந்ததும் நிம்மதியாக மிஷினை அணைத்தாள். வீடு அமைதியானது.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. லுங்கியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அறிவுச்செல்வன் ஓடிவந்தான். முகம் வெளிறியிருந்தது.

"நின்னுபோச்சா? எவ்ளோ மிச்சம் இருக்கு?"

"முடிஞ்சிடுச்சுங்க. அனுப்பிட்டேன்."

அவன் சுவரில் சாய்ந்து மூச்சுவிட்டான். "சத்தம் நின்னதும் பக்குனு ஆயிடுச்சு மணி" என்றான்.