பலகைக்காரர்

அவருக்குப் பலகைக்காரர் என்று பெயர் வைத்தது நான்தான். அவரும் அதைச் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார்.

வெவ்வேறு பல்கலைக்கழகங்களில் மேலாண்மைத் துறையில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவர்கள், சனிக்கிழமை காலையில் அவரவர் வீட்டுக் கணினி முன் உட்கார்ந்து, தங்கள் ஆய்வை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளும் இணையக் கூட்டம் எங்களுடையது. நானும் ஒரு தோழியும் ஆரம்பித்தோம். முடித்ததைக் கொண்டுவரக் கூடாது, அரைவேக்காட்டைத்தான் கொண்டுவர வேண்டும் என்பதுதான் எங்கள் ஒரே சட்டம். ஒரே ஒரு கம்பெனியை மட்டும் ஆராய்ந்துவிட்டு, "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்" என்று யாராவது நழுவப் பார்த்தால், "அடிப்பிடிச்சத மேல இருக்கிற சோறு சொல்லுமா?" என்று இன்னொருவர் மடக்குவார். அப்படிப்பட்ட இடம்.

பலகைக்காரர் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். பேருந்துப் பணிமனை ஒன்றில் மேலாளராக இருந்து, நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு படிக்க வந்தவர். வேலையில் இருந்தபோது, நேரத்துக்கு வண்டி எடுத்த ஓட்டுநர்களின் பெயர்களைப் பணிமனை வாசலில் ஒரு பலகையில் எழுத ஆரம்பித்தாராம். கொஞ்ச நாளில் வண்டிகள் நேரத்துக்குக் கிளம்பின. அதைப் பார்த்துப் பக்கத்துப் பணிமனைகளும் பலகை மாட்டின. நாலு பேர் பார்க்கப் பாராட்டினால் மனிதன் மலையையும் நகர்த்துவான் என்பதை நிரூபிக்கத்தான் அவர் ஆய்வுக்கே வந்தார்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கச் சில மாதங்களே இருந்தபோது அவருடைய முறை வந்தது. பலகை உள்ள பணிமனைகள், இல்லாத பணிமனைகள் என்று பிரித்து, வரைபடங்களோடு அழகாகச் சொன்னார். பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கே ஒரு பலகை வாங்கி மாட்டலாம் போலிருந்தது.

அப்போதுதான் பொடிசு பேசினாள். எங்களில் இளையவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். மருத்துவமனைகளில் செவிலியர்களுக்கு டூட்டி எப்படிப் பிரிக்கிறார்கள் என்பது அவளுடைய ஆய்வு.

"அண்ணா, தெரியாமத்தான் கேக்கறேன். பலகை வெச்ச இடத்துல எல்லாம் டிரைவருங்க அவங்களுக்குள்ள டூட்டி மாத்திக்கலாமா?"

"மாத்திக்கலாமே. அதுக்கும் நான்தான்மா அனுமதி குடுத்தேன். பலகை மாட்டின அதே சமயம்தான்…"

அதோடு நிறுத்திவிட்டார். தன்னுடைய வரைபடத்தையே வேறு யாரோ வரைந்தது போலப் பார்த்தார். விட்ட இடத்திலிருந்து அவரே தொடர்ந்தார்.

"மத்த டிப்போக்காரங்களும் என்கிட்டேருந்து ரெண்டையும் சேத்துத்தான் எடுத்துக்கிட்டாங்க. அப்போ வேலை செஞ்சது பலகையா, டூட்டி மாத்தினதா? எனக்குத் தெரியாது."

அதற்கென்ன, கடைசி அத்தியாயத்தில் 'ஆய்வின் வரம்புகள்' என்ற தலைப்பில் ஒரு வரி போட்டால் போகிறது என்று ஒருவர் தேற்றினார். நாங்கள் எல்லோரும் செய்கிற வித்தைதான் அது. அவர் நன்றி சொல்லிவிட்டுத் திரையிலிருந்து மறைந்தார்.

அன்றே பொடிசு எனக்கு ஃபோன் செய்தாள். ஒரு மனுஷரின் உழைப்பில் மண்ணை வாரிப் போட்டுவிட்டேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், இனி கூட்டத்துக்கே வரமாட்டேன் என்று அழுதாள். அவரே ஒரு வார்த்தை சொன்னால் நன்றாக இருக்கும் என்று தோன்றி அவர் வீட்டுக்குப் பேசினேன். மருந்துக்கடை வைத்திருக்கும் அவர் மனைவிதான் எடுத்தார்.

"துணி காயப்போடறேன்னு மாடிக்குப் போனார். ஒரே சட்டையை உதறு உதறுன்னு உதறிக்கிட்டிருக்கார். இருங்க, கூப்பிடறேன்."

அவர் வந்ததும் பொடிசின் நம்பரைத்தான் கேட்டார். நான் தயங்கினேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"திட்டறதுக்கு இல்லம்மா. எனக்கு அவ உதவி வேணும்."

அவளிடம் அவர் ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லையாம். ஆஸ்பத்திரியில் இப்படி ரெண்டு விஷயம் ஒன்றாகப் பின்னிக்கொண்டு வந்தால் நீ எப்படிம்மா பிரிச்சுப் பாப்பே என்று பாடம் கேட்பதுபோலக் கேட்டாராம். சொல்லச் சொல்ல, அழுததே மறந்துபோய்விட்டது என்றாள்.

அவருடைய ஆய்வு நெறியாளருக்கு இது பிடிக்கவில்லை. தேர்வாளர்கள் யாரும் கேட்கப்போவதில்லை, எதற்குக் கிணறு வெட்டிப் பூதத்தைக் கிளப்புகிறீர்கள் என்றாராம். "பூதம் ஏற்கெனவே கிளம்பிடுச்சு சார்" என்று இவர் சொல்ல, அவர் சில வாரம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்து, பிறகு கால நீட்டிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

கையெழுத்து கிடைத்த அடுத்த சனிக்கிழமை பலகைக்காரர் செய்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. திரட்டி வைத்திருந்த தரவு முழுவதையும் எங்கள் எல்லோருக்கும் திறந்துவிட்டார். கூடப் படிக்கிறவன் கண்ணில்கூடத் தரவைக் காட்டாமல் பொத்திப் பொத்தி வைப்பதுதான் எங்கள் உலக வழக்கம். இவரோ, உங்கள் ஊர்ப் பக்கத்தில் பலகை மட்டும் இருக்கிற பணிமனையோ, டூட்டி மாற்றுவது மட்டும் இருக்கிற பணிமனையோ உண்டா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டார்.

யாருக்கும் மறுக்க மனம் வரவில்லை. ஒருவர் கொட்டுகிற மழையில் பணிமனைக் கேட்டில் காத்து நின்றார். என் தோழி கைக்குழந்தையோடு போனாள். ஓய்வறையில் குழந்தை கைமாறிக் கைமாறிச் சுற்றிவர, அவள் நிம்மதியாகப் பேட்டி எடுத்தாள். நான் போன பணிமனையில் வாசலிலேயே பலகை இருந்தது. அதில் பெயர் இருந்தவரைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் எப்போதோ ஓய்வு பெற்றுப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பொடிசும் அவரும் கணக்குப் பார்த்தார்கள். பலகை மட்டும் இருந்த இடங்களில் ஒரு மாற்றமும் இல்லை. ஓட்டுநர்கள் தங்களுக்குள் டூட்டி மாற்றிக்கொண்ட இடங்களில், பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும், வண்டி நேரத்துக்குக் கிளம்பியது. அதை எங்களிடம் அவரே சொன்னார்.

"நான் மாட்டின பலகை ஒரு வண்டியையும் நகத்தலை. கொஞ்சம் வருத்தமாத்தான் இருக்கு. ஆனா இப்போ எனக்குத் தெரியும் இல்லையா?"

இதைப் பற்றி ஆய்விதழுக்கு எழுதிய கட்டுரையில் பொடிசின் பெயரைத்தான் முதலில் போட்டார். அவள் எவ்வளவோ மறுத்தும் கேட்கவில்லை.

நினைத்ததைவிட ஒரு வருடம் தாமதமாக அவருடைய வாய்மொழித் தேர்வு நடந்தது. இணையத்தில் யாரும் பார்க்கலாம் என்பதால் நாங்கள் எல்லோரும் ஆஜர். தோற்றுப்போன முதல் முடிவை ஒரு முழு அத்தியாயமாக எழுதியிருக்கிறீர்களே, விட்டிருக்கலாமே என்றார் தேர்வாளர்.

"விட்டுட்டா, நான் ஆரம்பத்துலேருந்தே புத்திசாலின்னு படிக்கிறவங்க நினைச்சுப்பாங்க சார்" என்றார் இவர்.

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்துவிட்டுத் தேர்வுக் குழுவினர் விடைபெற, இணைப்பில் நாங்கள் மட்டும் மிஞ்சினோம். பலகைக்காரர் எழுந்து நின்று ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. முடிவை அறிவிக்கும்போது அணைத்த மைக்கைத் திரும்பப் போட மறந்திருந்தார். கை காட்டினோம், வாழ்த்துகிறோம் என்று நினைத்து அவரும் கை காட்டினார். கடைசியில் அவர் மனைவி பக்கத்தில் வந்து குனிந்து எதையோ அழுத்தினார். குரல் பாதியில் கேட்டது. எங்கள் பெயர்களை ஒவ்வொன்றாக, எந்தப் பணிமனைக்குப் போனோம் என்பதோடு சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இவ்வளவு நேரம் அவங்களுக்குக் கேக்கவே இல்ல. முதல்லேருந்து சொல்லுங்க" என்றார் அந்த அம்மா.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்.